இருட்டில் பார்க்க எந்தக் கருவி? சிங்கப்பூரில் இரவு விலங்குகளைத் தேடுவோருக்கான அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரவு வேட்டைக்கென்று வடிவமைத்து விற்கப்படும் கருவிகளைத்தான் மரநாயையும், மரத்துக்கு மரம் சறுக்கிப் பறக்கும் பாலூட்டியான கொலுகோவையும், ஆந்தையையும் தேடி இருட்டில் நடக்கும் நாமும் வாங்குகிறோம். அவற்றின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்கள் ஐரோப்பிய வயல்வெளியையும் அமெரிக்கப் புல்வெளியையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. முப்பது மீட்டருக்கு அப்பால் இலைகளே கண்ணை மறைக்கும், நள்ளிரவிலும் வியர்வை அடங்காத ஓர் ஊரில் அந்த எண்களை வேறு விதமாகப் படிக்க வேண்டியிருக்கிறது. பல ஆண்டுகளாக வார இறுதி இரவுகளில் நண்பர்களோடு நடந்ததில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

சிங்கப்பூரில் இக்கருவிகளைக் கொண்டு வேட்டையாடலாமா?

கூடாது. 1965ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி அனுமதியின்றி எந்த வனவிலங்கையும் கொல்வதும், பிடிப்பதும், கண்ணி வைப்பதும் குற்றம். அச்சட்டம் 2020இல் திருத்தப்பட்டு, அவ்வாண்டு ஜூன் 1 முதல் உணவூட்டுவதையும் பிடித்த விலங்கை அனுமதியின்றி வேறிடத்தில் விடுவதையும் சேர்த்துத் தடுக்கிறது. உணவூட்டி முதன்முறை பிடிபடுபவருக்கே 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம். ஆகவே விலங்கு அருகே வரட்டும் என்று ரம்புத்தானையோ வாழைப்பழத்தையோ பாதையோரம் வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் அதை உடனே கைவிட வேண்டும். துப்பாக்கியில் பொருத்தும் குறிநோக்கிகளை, விலை மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காகக்கூட, வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நமக்கு வேண்டியது கையில் பிடித்துப் பார்க்கும் ஒற்றைக்கண் நோக்கி மட்டுமே.

எத்தனை வகைக் கருவிகள் உள்ளன?

மூன்று வகை. முதலாவது ஒளிபெருக்கிக் குழாய் கொண்டது. நிலவொளியையும் விண்மீன் ஒளியையும் எலக்ட்ரான்களாக மாற்றி, பல்லாயிரம் மடங்கு பெருக்கி, ஒளிரும் திரையில் காட்டும் கருவி அது. தேசிய சேவை எனும் கட்டாய இராணுவப் பணியில் இரவுப் பயிற்சிக்குச் சென்றவர்கள் கண்ட பச்சை உலகம் இதனுடையதுதான். இரண்டாவது டிஜிட்டல் இரவுநோக்கி: உங்கள் கைப்பேசியில் இருப்பதைப் போன்ற உணரியே, அகச்சிவப்பை வடிகட்டும் கண்ணாடியை நீக்கிவிட்டுப் பயன்படுத்தப்படுகிறது, போதிய ஒளி இல்லாதபோது அதனோடு வரும் அகச்சிவப்பு விளக்கு காட்சிக்கு ஒளியூட்டுகிறது. மூன்றாவது தெர்மல் எனப்படும் வெப்பப் படக் கருவி. இதற்கு ஒளியே தேவையில்லை. ஒவ்வொரு பொருளும் தன் வெப்பத்திற்கேற்ப வெளியிடும், ஏறத்தாழ 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரையுள்ள நீண்ட அகச்சிவப்பு அலைகளை வாங்கிப் படமாக்குகிறது.

முதன்முதலில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் எதை வாங்குவது?

தெர்மல் வாங்குங்கள். காரணம், இரவு நடையில் நேரத்தையெல்லாம் விழுங்குவது தேடுதல்தான். உயரமான மரத்தண்டில் கொலுகோ ஒட்டிக்கொண்டிருந்தால், பாசி படிந்த மரப்பட்டையும் அதன் உரோமமும் ஒரே நிறத்தில் இருப்பதால், நேரே கைவிளக்கை அடித்தாலும் கண் அதைத் தாண்டிச் சென்றுவிடும். தெர்மலிலோ அதே மரம் சாம்பல் தூணாகவும், விலங்கு அதன்மேல் ஒட்டிய வெள்ளைத் திட்டாகவும் தெரியும். ஓர் இரவு அவ்வாறு நான் கண்ட திட்டின் நடுவே, இன்னும் வெண்மையாக, கட்டைவிரல் அளவில் ஒரு சிறு உருண்டை அசைந்தது. தாயின் சவ்வுக்குள்ளிருந்து குட்டி முகத்தை நீட்டியிருந்தது. கருவி இல்லாமல் அந்த மரத்தடியில் அரைமணி நேரம் நின்றிருந்தாலும் அதைக் கண்டிருக்க மாட்டேன்.

ஆனால் தெர்மல் எதையும் அடையாளம் சொல்லாது. காதின் வடிவம், முகத்தின் கோடு, கண்ணின் நிறம் ஆகியவை அதில் கரைந்துவிடும். வீட்டுப் பூனை எது, மரநாய் எது என்பதை நடையையும் வாலின் நீளத்தையும் கொண்டுதான் பிரித்தறிய வேண்டும். அதனால் அனுபவப்பட்டவர்கள் தெர்மலில் கண்டுபிடித்து, டிஜிட்டல் நோக்கியிலோ மங்கலான சிவப்பு விளக்கின் துணையோடு சாதாரணத் தொலைநோக்கியிலோ உறுதி செய்துகொள்கிறார்கள். இரண்டாவது கருவிக்குப் பணம் சேரும் வரை, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் 8×42 தொலைநோக்கி அந்த வேலையைச் செய்யும்.

ஒன்றைக் கவனியுங்கள்: பாம்புகளைத் தேடுவதுதான் உங்கள் நோக்கமென்றால் தெர்மல் பெரிதும் ஏமாற்றும். மலைப்பாம்பின் உடல் வெப்பம் சுற்றுப்புறத்தை ஒட்டியே இருப்பதால், மூன்று மீட்டர் நீளமுள்ள பாம்பும் வாய்க்காலின் ஓரச் சுவரோடு கலந்துவிடும். தவளைக்கும் இதே நிலைதான். இவற்றுக்கு நல்ல கைவிளக்கே சிறந்த கருவி.

பெட்டியில் 1,800 மீட்டர் தூரம் கண்டறியும் என்று போட்டிருக்கிறதே, அதன் பொருள் என்ன?

1.8 மீட்டர் உயரமுள்ள மனிதர் அந்தத் தூரத்தில் நின்றால், திரையில் இரண்டு மூன்று புள்ளிகளாக ஏதோ ஒன்று இருப்பது தெரியும் என்பதே அதன் பொருள். கணக்கு எளிது. உணரியில் ஒரு புள்ளியின் அளவு 12 மைக்ரோமீட்டர், லென்சின் குவியத் தூரம் 35 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 1,800 மீட்டர் தூரத்தில் ஒரு புள்ளி ஏறக்குறைய 62 சென்டிமீட்டர் அகலத்தை அடைக்கும். மனித உயரத்திற்கு மூன்றே புள்ளிகள்தாம் கிடைக்கும். ஜான் ஜான்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1958இல் முன்வைத்த அளவுகோலின் வழிவந்த கணக்கு இது. ‘ஏதோ இருக்கிறது’ என்று அறிய இரண்டு புள்ளிகள் போதும். இன்ன வகை என்று அறிய ஏறத்தாழ எட்டும், இன்னதென்று உறுதியாகச் சொல்ல அதைவிட அதிகமும் வேண்டும் என்பது அதன் சாரம்.

இதை நம் ஊர் விலங்குக்குப் பொருத்திப் பார்ப்போம். மரநாயின் உடல், வால் நீங்கலாக, ஏறக்குறைய 50 சென்டிமீட்டர். அது முப்பது மீட்டர் தூரத்தில் இருக்கும்போது, அதே புள்ளி அளவும் 19 மில்லிமீட்டர் லென்சும் இருந்தால் 26 புள்ளிகள் நீளத்திற்குத் தெரியும். இன்ன வகை என்று அறிய அது தாராளம். 256×192 புள்ளிகள் கொண்ட உணரியும் 10 மில்லிமீட்டர் லென்சும் கொண்ட சிறிய மலிவுக் கருவியிலேகூட 14 புள்ளிகள் கிடைக்கின்றன. தூரத்திற்காக நாம் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதே இல்லை.

அப்படியானால் லென்ஸ் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

சிறிதாக இருக்க வேண்டும். இதைப் பணம் கொடுத்துக் கற்றவன் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். நான் முதலில் வாங்கியது 384×288 உணரியும் 50 மில்லிமீட்டர் லென்சும் கொண்டது. பெரிய லென்ஸ் என்றால் நல்ல லென்ஸ் என்று நினைத்தேன். சிக்லாப் பக்கம் தரைவீடுகள் இருக்கும் தெருவொன்றில், மாமரத்திலிருந்து தொலைபேசிக் கம்பிமேல் இறங்கிய ஒரு மரநாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அடுத்த வீட்டுக் கூரைக்குத் தாவியது. என் கருவியில் வெறும் வானம்தான் இருந்தது. மறுபடி அதைப் பிடிப்பதற்குள் அது ஓட்டுக்கூரையின் மறுபக்கம் போய்விட்டது. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது: அந்த லென்சில் இருபது மீட்டர் தூரத்தில் தெரியும் காட்சியின் அகலம் 1.8 மீட்டர் மட்டுமே. அதே உணரியோடு 19 மில்லிமீட்டர் லென்ஸ் இருந்திருந்தால் 4.8 மீட்டர் தெரிந்திருக்கும். தாவல் முழுவதும் கண்ணுக்குள்ளேயே நடந்திருக்கும்.

நம் பூங்காக்களுக்கும் குடியிருப்புத் தெருக்களுக்கும் 10 முதல் 25 மில்லிமீட்டர் வரை போதும். நீர்த்தேக்கத்தின் எதிர்க்கரையைப் பார்க்க விரும்புபவர் மட்டும் 35 வரை போகலாம். கையில் பணம் மிச்சமிருந்தால் அதை லென்சில் போடாமல் உணரியில் போடுங்கள். 640×512 உணரி அகன்ற காட்சியையும் நுணுக்கத்தையும் சேர்த்தே தரும்.

மில்லிகெல்வின் என்று ஓர் எண் தருகிறார்களே, அது முக்கியமா?

நமக்கு மற்ற எல்லா எண்களையும்விட அதுவே முக்கியம். கருவி எவ்வளவு சிறிய வெப்ப வேறுபாட்டைப் பிரித்துக் காட்டும் என்பதை அந்த எண் சொல்கிறது. சிறிய எண்ணே சிறந்தது. ஐரோப்பாவில் குளிர்கால இரவில் பூஜ்யப் பாகையை ஒட்டிய வயலில் நிற்கும் காட்டுப்பன்றி, எந்தக் கருவியிலும் விளக்குப்போல் ஒளிரும். இங்கே நள்ளிரவிலும் காற்று 26 பாகை செல்சியசில் இருக்கிறது. பகல் வெயிலைக் குடித்த மரத்தண்டும் பாறையும் சிமெண்டுத் தரையும் அதைவிடச் சூடாக இருக்கின்றன. விலங்கின் உரோமத்தின் மேற்பரப்போ அவற்றைவிடச் சில பாகை மட்டுமே கூடுதல். போதாததற்குக் காற்றிலுள்ள ஈரப்பதம் அந்த அலைகளில் ஒரு பகுதியை வழியிலேயே உறிஞ்சிவிடுகிறது. எனவே 25 மில்லிகெல்வினோ அதற்குக் குறைவோ உள்ள கருவியைத் தேடுங்கள். 40 என்று போட்டிருப்பதைப் பாலைவனத்திற்கோ பனிநாட்டிற்கோ விட்டுவிடலாம்.

எந்த நேரத்தில் பார்க்கிறோம் என்பதும் கருவிக்கு நிகரான வேறுபாட்டைத் தரும். வெயில் கொளுத்திய நாளில் இரவு எட்டு மணிக்கு ஒவ்வொரு கல்லும் விலங்குபோல் தோன்றும். அதிகாலை நான்கு முதல் ஆறு வரை சுற்றுப்புறம் ஆறியிருக்கும். பெருமழை விட்ட உடனே பார்த்தால் இலை, தரை, தண்டு எல்லாம் ஒரே வெப்பத்திற்கு வந்து படமே தட்டையாகிவிடும். நனைந்த உரோமமும் மங்கலாகத் தெரியும்.

850 நானோமீட்டர் விளக்கா, 940 நானோமீட்டர் விளக்கா?

இது டிஜிட்டல் நோக்கி வாங்குபவருக்கான, அதன் அகச்சிவப்பு விளக்கின் அலைநீளம் பற்றிய கேள்வி. 850 விளக்கு தொலைவு எட்டும். ஆனால் விளக்கின் முகத்தை நேராகப் பார்ப்பவருக்கு மங்கிய சிவப்புப் புள்ளி தெரியும். 940 விளக்கு நம் கண்ணுக்குத் தெரியாது. உணரியின் கூர்மை அந்த அலைநீளத்தில் குறைவு என்பதால் தூரமும் குறையும். நம் தூரங்கள் சிறியவை, விலங்குகள் நம்மை அடிக்கடி நேருக்குநேர் பார்ப்பவை. ஆகவே நான் 940ஐயே பரிந்துரைப்பேன். விளக்கின் வலிமையைக் கூட்டிக் குறைக்கும் வசதி இருக்க வேண்டும், ஏனெனில் முழு வலிமையில் அருகிலுள்ள இலைகள் வெள்ளையாக எரிந்து பின்னாலுள்ள விலங்கை மறைத்துவிடும்.

தேசிய சேவையில் பயன்படுத்தியதைப் போன்ற பச்சைக் கண்ணோக்கியைத் தனியார் வாங்கலாமா?

உயர்தர ஒளிபெருக்கிக் குழாய்கள் இராணுவப் பொருளாகக் கருதப்படுபவை; அமெரிக்காவில் தயாராகும் மூன்றாம் தலைமுறைக் குழாய்கள் அந்நாட்டு அரசின் அனுமதியின்றி வெளியேற முடியாது. இணையத்தில் சில நூறு வெள்ளிக்கு விற்கப்படும் முதல் தலைமுறைக் கருவிகளோ ஓரங்களில் மங்கி, நகர ஒளியில் வெளுத்துப்போகும். தெருவிளக்கு எங்கும் எரியும் இத்தீவில் அந்தப் பணத்தை நல்ல டிஜிட்டல் நோக்கியில் செலவிடுவதே பயன் தரும்.

வெளிநாட்டிலிருந்து தருவிக்கும்போதும் வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லும்போதும் எதைக் கவனிக்க வேண்டும்?

வெப்பப் படக் கருவிகள் பல நாடுகளின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியல்களில் உள்ளன. விநாடிக்கு 9 படங்கள் அல்லது அதற்குக் குறைவாகக் காட்டும் கருவிகளுக்குப் பொதுவாக விலக்கு உண்டு. 25, 50 என்று வேகம் கூடியவை கட்டுப்பாட்டுக்குள் வரக்கூடும். இங்கே உத்திமுறைப் பொருள் கட்டுப்பாட்டுச் சட்டத்தைச் சிங்கப்பூர்ச் சுங்கத்துறை செயல்படுத்துகிறது. கட்டுப்பாட்டுக்குட்பட்ட பொருளைக் கைப்பையில் வைத்து எல்லை தாண்டுவதும் ஏற்றுமதியாகவே கருதப்படும். வாங்குமுன் கருவியின் முழு விவரத்தாளையும் விற்பனையாளரிடம் கேட்டு வாங்கி, ஐயமிருந்தால் சுங்கத்துறைக்கு எழுதிக் கேளுங்கள். வெளிநாட்டுக் கடை காட்டும் விலையோடு 9 விழுக்காடு பொருள் சேவை வரியையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். உதிரி லித்தியம் மின்கலங்களை விமானத்தில் கைப்பையில்தான் வைக்க வேண்டும்.

படவேகத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: 9 படங்களில் ஓடும் விலங்கு திக்கித் திக்கித் தெரியும். மரத்தில் அமர்ந்திருப்பதைத் தேட அது போதும். தாவுவதைப் பின்தொடர 25 வேண்டும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு மாடத்திலிருந்து பயன்படுத்தலாமா?

மரங்களையும் கால்வாயையும் பார்ப்பதில் தவறில்லை. எதிர்ப் புளோக்கின் சன்னல்களை நோக்கித் திருப்பாதீர்கள். தெர்மல் கண்ணாடிக்குள் ஊடுருவாது என்பது உண்மைதான், அதன் லென்சே அதனால்தான் ஜெர்மேனியத்தில் செய்யப்படுகிறது. ஆனால் உங்களைப் பார்க்கும் அண்டை வீட்டாருக்கு அது தெரியாது. டிஜிட்டல் நோக்கி கண்ணாடியையும் ஊடுருவிக் காட்டும். ஒளிந்துபார்ப்பது இங்கே தண்டனைச் சட்டத்தின்கீழ் குற்றம்.

எங்கே போவது?

இயற்கை வனப்பகுதிகள் இரவு ஏழு மணி முதல் காலை ஏழு மணி வரை மூடப்பட்டிருக்கும். புக்கிட் தீமாவிலும் மத்திய நீர்ப்பிடிப்பு வனத்திலும் இருட்டியபின் நுழைவது சட்டமீறல். இராணுவப் பயிற்சி நிலங்களை ஒட்டிய காட்டோரங்களில் எச்சரிக்கைப் பலகையைக் கண்டதும் திரும்பிவிட வேண்டும். இருட்டில் இத்தகைய கருவியோடு அங்கே நிற்பவர் எந்த விளக்கமும் சொல்லித் தப்ப முடியாது.

திறந்திருக்கும் இடங்களே நிறையத் தருகின்றன. நள்ளிரவு வரை திறந்திருக்கும் பூமலையில் (தாவரவியல் பூங்காவில்) ஆந்தையும் மரநாயும் கிடைக்கும். பாசிர் ரிஸ் பூங்காவின் சதுப்புநில ஓரம் ஆந்தைகளுக்குப் பெயர்பெற்றது. பழைய மலாயா ரயில்பாதை 2011இல் மூடப்பட்டு ரயில் பாதைப் பூங்காவாக மாறிய பசுமை வழித்தடம், காட்டை ஒட்டியே நெடுந்தூரம் செல்கிறது. அந்தப் பாதையில் உழைத்த தமிழர்களின் காலடி பட்ட இடத்தில் இன்று கொலுகோவைத் தேடி நடக்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மனம் நெகிழ்கிறது. காட்டுப்பன்றி குட்டிகளோடு தெரிந்தால், படமெடுக்க நிற்காமல் ஓசையின்றிப் பின்வாங்குங்கள். அது எங்கே நிற்கிறது என்று முன்கூட்டியே காட்டுவது தெர்மல் நமக்குச் செய்யும் பேருதவி.

நடை தொடங்குமுன் திரையின் ஒளிர்வைக் குறைத்துவிடுங்கள். இருட்டுக்குப் பழக நம் கண்ணுக்கு இருபது முப்பது நிமிடங்கள் வேண்டும், பளீரென்ற திரை அதை ஒரு நொடியில் கெடுத்துவிடும். தெர்மல் அவ்வப்போது ‘டக்’கென்ற ஒலியோடு தன்னைச் சரிசெய்துகொள்ளும், அமைதியான இரவில் ஆந்தை அந்த ஒலிக்குத் தலையைத் திருப்பும். கைமுறையில் சரிசெய்யும் வசதி உள்ள கருவியானால் அதற்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆஸ்திரேலியாவிலோ நியூசிலாந்திலோ உள்ள உறவினரோடு வேட்டைக்குப் போகிறேன். அதற்கும் இதே கருவி போதுமா?

அங்கே தூரங்கள் பெரியவை. 35 மில்லிமீட்டர் லென்சும் 384 அல்லது 640 உணரியும் பொருத்தம். ஆனால் கருவிக்கு முன்பே சட்டத்தைக் கேளுங்கள். நியூசிலாந்தின் பொதுப் பாதுகாப்பு நிலங்களில் இரவு வேட்டைக்குத் தடை உண்டு. இங்கிலாந்தில் இரவில் மான் சுடுவதை 1991ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஆஸ்திரேலியாவில் மாநிலத்திற்கு மாநிலம் விதி மாறும். இந்தியாவில் உறவினரின் தோட்டத்திற்குப் போகிறவர், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையையே தடைசெய்கிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

நியூசிலாந்தின் ஏழு துப்பாக்கிப் பாதுகாப்பு விதிகளில் ஒன்று, இலக்கு இன்னதென்று எள்ளளவும் ஐயமின்றி அறிந்துகொள்ள வேண்டும் என்பது. வெப்பத் திட்டை மட்டும் பார்த்து அந்த உறுதியைப் பெற முடியாது. இருநூறு மீட்டர் தூரத்தில் குனிந்திருக்கும் மனிதரும், கன்றுக்குட்டியும், பண்ணை நாயும், பன்றியும் புதரால் பாதி மறைந்திருந்தால் ஒரே வடிவில் வெளுத்திருக்கும். தெர்மலில் பார்த்ததை வேறொரு கருவியில் உறுதிசெய்யாத ஒருவரோடு நான் வேட்டைக்குப் போக மாட்டேன், நீங்களும் போகாதீர்கள்.

நம் தட்பவெப்பத்தில் எப்படிப் பாதுகாப்பது?

குளிரூட்டிய அறையிலிருந்து நேரே வெளியே எடுத்தால் லென்ஸ் வியர்க்கும். புறப்படுவதற்கு அரைமணி நேரம் முன்பே பையோடு வாசலில் வைத்துவிடுங்கள். மூடிய பைக்குள்ளேயே கருவி வெளிவெப்பத்திற்கு வரட்டும். வீட்டில், ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டில் வைத்திருக்கும் மின் அலமாரியில் வையுங்கள். இல்லையேல் டிஜிட்டல் நோக்கியின் கண்ணாடியில் ஒரே ஆண்டில் பூஞ்சை நூல் படரும். தூசும் நீரும் புகாத ஐபி67 தரமுள்ளதையே வாங்குங்கள், நம் மழை முன்னறிவிப்பின்றி வரும். லென்சைச் சட்டை நுனியால் துடைக்காதீர்கள். மேலுள்ள பூச்சு கீறிவிடும்.

என் வீட்டுக் கூரைக்குள் வெப்பத் திட்டு ஒன்று தெரிகிறது. என்ன செய்வது?

கிழக்குப் பகுதித் தரைவீடுகளில் அது பெரும்பாலும் மரநாய்தான். மலாய் அண்டை வீட்டார் மூசாங் என்பார்கள். மெல்லிய பலகைக் கூரையானால், அது படுத்திருக்கும் இடம் அடிப்பக்கத்திலும் சற்று வெதுவெதுப்பாகத் தெரியும். ஒரு பெரிய திட்டோடு இரண்டு மூன்று சிறியவை ஒட்டியிருந்தால் குட்டிகள் உள்ளன. வழியை அப்போது அடைத்துவிட்டால் குட்டிகள் உள்ளேயே இறந்துபோகும். கூண்டு வைக்காமல், தேசியப் பூங்காக் கழகத்தை அழைத்துச் சொல்லுங்கள். சில மாதங்களில் தாய் குட்டிகளை அழைத்துக்கொண்டு வெளியேறும். தொடர்ந்து சில இரவுகள் கருவியில் பார்த்து, திட்டு எதுவும் இல்லை என்று உறுதியான பிறகு, அது நுழைந்த ஓட்டின் இடைவெளியைக் கம்பிவலையால் அடைத்துவிடலாம்.